காடு என்றால் மூன்று

போன் மணி ஒலித்ததும் அவர் வலது காதுத் தோட்டைக் கழற்றுவார். இடது கை விரல்கள் காதுக்குப் பின்னால் போய்த் திருகைப் பிடித்துக்கொள்ளும். வலது கை தோட்டை இரண்டு சுற்று சுற்றி முன்பக்கமாக இழுக்கும். கழன்ற திருகை மறுபடி தோட்டிலேயே பொருத்தி, இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றுக்குள் போடுவார். டிக் என்று ஒரு சத்தம். அதன் பிறகுதான் காதில் கருவி ஏறும், குரல் வரும். எல்லாம் சேர்த்து நாலு விநாடி.

காதுக் கருவி தோட்டின் மேல் அழுந்தினால் வலிக்கும். அதனால் மற்றப் பெண்கள் வேலைக்கு வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு மாலையில்தான் அதை நினைப்பார்கள். இவர் அப்படி இல்லை. வண்டி போய்ச் சேர்ந்தது, ஆளை ஏற்றியாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னதும் தோடு காதுக்குத் திரும்பிவிடும். வேலை நெருக்கும் நாட்களில் காலையில் கழன்றது மாலைவரை மூடிக்குள்ளேயே கிடக்கும். அக்காவுக்கு இன்னும் ஒரு வண்டி வழியில் இருக்கிறது என்பதை அந்த மூடியைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் அறை அது. இரண்டாவது மாடி. முன்பு பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த கிடங்கு. மழைநாளில் சுவரிலிருந்து இன்னும் காகித வாசனை வரும். ஒன்பது நாற்காலிகள். வெயில் திரையில் விழாதபடி ஜன்னல் கண்ணாடிகளுக்கு நீலச் சாயம் அடித்திருந்தார்கள். எனக்கு ஆறாவது நாற்காலி, அவருக்கு ஐந்தாவது. அதிகம் பேசாதவன் என்பதால் என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் உப்பக்கா.

காரணம் இது. எங்கள் திரையில் ஊர், தெரு, அடையாளம் என்று மூன்று கட்டங்கள். நகரத்தில் இருப்பவர்கள் மூன்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். தொல்லை, ஊர் முடிந்த பிறகு குடியிருப்பவர்களிடம்தான். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் கிடக்கும் இடத்தில் தெருவுக்கு எங்கே போவது? எங்கே இருக்கிறீர்கள் என்றால் "இங்கதான்" என்பார்கள். அடையாளம் கேட்டால் "ஒரு மரம் இருக்கு" என்பார்கள். அக்கா அதையெல்லாம் கேட்க மாட்டார்.

"வீட்ல உப்பு தீந்துபோச்சுன்னா எந்தக் கடைக்குப் போவீங்க?"

தன் பெயரே மறந்துபோகிற பதற்றத்திலும் மனிதருக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும். கடை தெரிந்ததும் அந்தக் கடைக்கே தன் கைப்பேசியில் பேசி, இப்படி ஒரு வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்து, கடைக்காரரையோ அங்கே நிற்கும் யாரையோ பாதையில் இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு ஓட்டுநருக்கு வழி சொல்வார். மளிகைக் கடை, டீக்கடை, மாவு மில், பஞ்சர் கடை என்று நூற்றுக்கு மேல் எண்கள் வைத்திருந்தார். இதற்கு முன் பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் பதினோரு வருடம் உட்கார்ந்தவர். எந்தப் பேருந்தும் போகாத இடத்துக்கு எந்தப் பேருந்தில் போவது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே பழகியவர்.

எண்களை எழுதி வைத்திருந்தது நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில். அவர் கணவர் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். தேதி தப்பாக அச்சான தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவார். "எங்க வீட்ல பிப்ரவரிக்கு முப்பத்தோரு நாள்" என்பார் அக்கா. அப்படிப்பட்ட மாதங்களின் முதுகில் எண்கள் இருந்தன, சொற்களும் இருந்தன. எண்களை விடச் சொற்களைத்தான் நான் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பேன்.

ஊருக்கு அப்பால் இருக்கும் இடங்களுக்கு மனிதர்கள் சொல்லும் சொற்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி.

'அத்துவானம்: வண்டி கெட்டு நிற்பவர். கிலோமீட்டர் கல் கேள்.'

'கூப்பிடு தூரம்: நம்பாதே. நடந்தால் அரை மணி.'

'ஒத்தை வீடு: நாய் உண்டு. ஓட்டுநரிடம் சொல்.'

'பொட்டல்: லாரிக்காரர். கடைசியாக எங்கே டீ குடித்தார்?'

'கண்காணாத இடம்: கோபித்துக்கொண்டு போனவர். இரண்டு நிமிடம் பேசவிடு. பிறகு கேள்.'

ஒருமுறை வேலை குறைந்த நேரத்தில் தாளை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. இந்தச் சொற்களில் ஒன்றுகூட அங்கேயே குடியிருப்பவர் சொன்னதில்லை, கவனித்தாயா என்று கேட்டார். அத்துவானக் காடு, பட்டிக்காடு, ஈ காக்கா இல்லாத இடம், இதெல்லாம் வழியில் போகிறவன் வைக்கிற பெயர். அங்கே அடுப்பு மூட்டுகிறவனுக்கு அது வீடு. "அத்துவானத்துல இருக்கேன்னு எவனாவது சொன்னா, அவன் அந்த இடத்துக்காரன் இல்லன்னு எழுதிக்கலாம் தம்பி."

என் மேசையில் அப்போது ஒரு கவிதைத் தொகுப்பு கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் வனாந்தரம்.

"இவரு அங்க போயிருக்காரா?"

தெரியாது என்றேன்.

"போயிருந்தா வனாந்தரம்னு எழுதியிருக்க மாட்டாரு. கொசுன்னு எழுதியிருப்பாரு."

ஒரு தாளில் ஒரு சொல் மட்டும் தனியாக, இரண்டு முறை அடிக்கோடிட்டு இருந்தது. 'காடு: மூணு. கேக்காம விடாதே.' விளக்கம் கேட்டேன். மரம் உள்ளதும் காடு, உழுது விதைப்பதும் காடு, பிணம் எரிப்பதும் காடு என்றார். காட்டில் இருக்கிறேன் என்று போனில் ஒருவர் சொன்னால் அவர் மரத்தடியில் நிற்கலாம், வரப்பில் நிற்கலாம். "மூணாவதுல இருந்து போன் வராது. வந்தா வச்சிரு."

அவருக்கு ஒரே மகள். பள்ளிக் கடைசி வருடம். அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தனியாக விடக்கூடாது. கணவர் வேலை முடிந்து வர ஏழாகும். அதனால் அக்கா காலை முறை மட்டுமே பார்ப்பார். நாலு மணிக்குப் படியிறங்கினால் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். அந்தக் காலை முறையை அவர் பல வருடமாகக் கெஞ்சியும் மற்றவர்களுக்காகக் கூடுதல் வேலை பார்த்தும் காப்பாற்றி வைத்திருந்தார்.

எங்களுக்கு வந்த புது மேலாளரை விநாடி சார் என்போம். கெட்டவர் இல்லை. அவர் வருவதற்கு முன் மாதத்தில், வரிசையில் பதினோரு நிமிடம் காத்திருந்த ஒரு பெரியவர், போனைக் காதில் வைத்தபடியே இறந்துபோயிருந்தார். அதன் பிறகுதான் இவரை அனுப்பினார்கள். ஓர் அழைப்புக்குத் தொண்ணூறு விநாடி. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். எழுபதில் மஞ்சளாகும், தொண்ணூறில் சிவப்பாகும். இடத்தைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். நகரம், புறநகர், கிராமம், குக்கிராமம், வனப்பகுதி, நெடுஞ்சாலை. தேர்ந்தெடுத்ததும், கைப்பேசிக் கோபுரம் காட்டும் வட்டத்துக்குள் எந்த வண்டி போக வேண்டும் என்பதைக் கணினியே முடிவு செய்துவிடும்.

முதல் நாள் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார்.

"சார், காட்டுல இருக்கேன்னு சொன்னா இதுல எதை அமுக்கறது?"

"வனப்பகுதி."

"உழுத காடா இருந்தா?"

"காடுன்னா காடுதாம்மா. அதுல என்ன உழுத காடு, உழாத காடு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் எந்த ஊர் என்று அக்கா மரியாதையாகக் கேட்டார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் நகரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் கோபப்படாமல் ஒன்று சொன்னார். "நீங்க ஒருத்தர்கிட்ட நாலு நிமிஷம் உப்பு, புளி விசாரிக்கும்போது பின்னால ஆறு பேரு வரிசைல நிக்கறாங்கம்மா. அவங்களுக்கும் உயிர்தான்." அக்கா உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் அக்காவுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மூன்றாவது வந்தால் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிளை அறைக்கு மாற்றுவார்கள். அங்கே காலை முறை, மாலை முறை என்று தேர்ந்தெடுக்க முடியாது. தினமும் போய்த் திரும்பவும் முடியாது. விநாடி சார் கடிதத்தை நீட்டும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "அடுத்தது வந்தா என் கைல இல்லம்மா. தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுருவாங்க."

"அங்க தண்ணி இருக்கு சார். பஸ்தான் இல்ல" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அவர் கடிதத்தை எட்டாக மடித்து மருந்து மூடிக்குக் கீழே வைத்தார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் யாரிடமும் உப்பு கேட்கவில்லை.

எட்டாவது நாள், மதியம் பன்னிரண்டு ஐம்பது. எனக்கு அழைப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் தோடு மூடிக்குள் விழும் சத்தம் கேட்டது. மறுமுனையில் பேசியது என்ன என்பதைப் பின்னால் விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டபோதுதான் கேட்டேன்.

ஒரு பெண் குரல். அழவில்லை. கணவரைப் பாம்பு கடித்துவிட்டது என்றாள். கணுக்காலில். பாம்பைப் பார்த்தார்களா, எத்தனை நேரமாயிற்று, வாந்தி உண்டா என்று அக்கா வரிசையாகக் கேட்டார். எல்லாம் பட்டியலில் உள்ள கேள்விகள்.

"எங்க இருக்கீங்கம்மா?"

"காட்டுல இருக்கோம்."

"ஊர் பேரு?"

"தெரியலக்கா. வேலைக்கு வந்திருக்கோம். வந்து நாலு நாள்தான் ஆச்சு."

நான் அப்போது அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் மஞ்சளாயிற்று. அவர் கண் கடிகாரத்துக்குப் போய், அங்கிருந்து மருந்து மூடிக்குப் போய், திரைக்குத் திரும்பியது. ஒலிப்பதிவில் அந்த இடத்தில் "வீ" என்று ஓர் ஒலி இருக்கிறது. 'வீட்ல' என்ற சொல்லின் முதல் எழுத்து. அதோடு நின்றுவிட்டது. வனப்பகுதி என்பதை அவர் விரல் தொட்டது.

"வண்டி வருதும்மா. கடிச்ச காலை அசைக்க விடாதீங்க. போனை அணைச்சுடாதீங்க."

"சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா. பேசிட்டுதான் இருக்காரு."

எண்பத்தெட்டு விநாடி. கடந்துபோன விநாடி சார் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல மனதோடுதான் அசைத்தார்.

அந்தப் பகுதிக்கு ஒரே கோபுரம். அது காட்டிய வட்டம் மிகப் பெரியது. வடபாதி மரக்காடு, தென்பாதி உழுத காடு. கணினி வடக்கே இருந்த வண்டியை அனுப்பியது. வண்டி ஒன்றே முக்காலுக்கு வனச் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் வேலைக்கு வந்ததாகத் தெரியவில்லை என்றார் காவலர். ஓட்டுநர் அவரையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போன பிறகு தொடர்பு இல்லை. அந்தப் பெண்ணின் எண்ணை அக்கா கிடைத்த இடைவெளியிலெல்லாம் அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. மின்சாரம் இல்லாத குடிசையில் நாலு நாள் ஓடிய போன், தானே அணைந்திருக்கும். தெற்கேயும் ஒரு வண்டி அனுப்பலாமா என்று விநாடி சாரிடம் கேட்டார். சார் திரையைக் காட்டினார். தென்பக்கத்து வண்டி பன்னிரண்டு மணியிலிருந்து சிவப்பில் இருந்தது. சிவப்பு என்றால் பழுது. அடுத்த வண்டி ஒன்றரை மணி நேரத் தொலைவில். உள்ளே போன வண்டிக்கு ஆள் கிடைத்திருக்கும், பொறுங்கள் என்றார். அக்கா திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்த அழைப்பு. மூன்று மணிக்குள் அவர் முப்பத்தோரு அழைப்புகள் எடுத்தார். ஒன்றுகூட சிவப்பைத் தொடவில்லை.

மூன்று இருபதுக்கு வடக்கு வண்டி காட்டை விட்டு வெளியே வந்தது. உள்ளே யாரும் இல்லை என்று ஓட்டுநர் சொன்னார். அடுத்த பத்தாவது நிமிடம் ஒரு டிராக்டர் ஓட்டுநர் தன் போனிலிருந்து அழைத்தார். அழைப்பு தற்செயலாக அக்காவுக்கே வந்தது. வண்டிக்குச் சொன்ன அம்மா பக்கத்தில் இருப்பதாகவும், இனி வண்டி வேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் போய்விட்டார். ஒலிப்பதிவில் பின்னணியில் டிராக்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அணைக்க அவருக்குத் தோன்றவில்லை போல.

இடம் எது என்று கேட்டார் அக்கா. நிறைய நேரம் எடுத்துக் கேட்டார். கடிகாரம் சிவப்பாகி அப்படியே நின்றது.

"ரோடு பிரியற பஞ்சர் கடை விலக்குல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ங்க. இங்க இருக்கறவங்க உப்பு, தீப்பெட்டி எல்லாத்துக்கும் அங்கதான் போவாங்க."

அக்கா கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். தாள்களைப் புரட்டினார். தன் கைப்பேசியில் யாருடனோ ஒரு நிமிடம் பேசினார். பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டது, மகளுக்காக யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்தேன். நாலு மணிக்கு ஒரு காதில் தோடு இல்லாமல் படியிறங்கிப் போனார்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து இருவர் வந்தார்கள். எங்கள் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில், இரண்டு நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டு நடத்தினார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். ஒலிப்பதிவை மூன்று முறை ஓட்டினார்கள். நடைமுறையில் பிழை இல்லை என்றார்கள். உங்கள் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா என்று இருவரில் மூத்தவர் கேட்டார்.

"நான் கேக்கல சார்."

"என்ன கேக்கல?"

"உப்பு."

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் 'உப்பு' என்று எழுதி, ஒரு கணம் யோசித்து, அடித்துவிட்டார்.

முடிவுத் தாளில் மூன்று வரி. மிக அருகில் இருந்த வண்டி பன்னிரண்டு முதல் நாலு வரை பழுது. அடுத்த வண்டியைச் சரியான இடத்துக்கே அனுப்பியிருந்தாலும் இறந்தவரை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்த்திருக்க முடியாது என்று மருத்துவரின் குறிப்பு. ஊழியர்மீது குற்றமில்லை.

அந்த மூன்று வரியை வைத்து நாங்கள் அவரைத் தேற்றினோம். ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். விநாடி சார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கைகட்டி நின்று சொன்னார். யாருக்கும் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத நானும், இரண்டு நாள் ஒத்திகை பார்த்து, தண்ணீர் கேன் பக்கத்தில் அவர் தனியாக நின்றபோது சொல்லிவிட்டேன்.

"கேட்டிருந்தாலும் வண்டி இல்லையேக்கா."

டம்ளர் நிரம்பி வழிவது வரை அவர் குழாயை மூடவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. வண்டி இல்ல."

அதன் பிறகு அவர் எல்லோரிடமும் உப்பு கேட்டார். வரப்பில் இருப்பவர், மலையில் இருப்பவர் என்றில்லை. நகரத்தின் நடுவில் ஏழாவது மாடியில் மயங்கி விழுந்தவரின் மகனிடமும் கேட்டார். அவன் புகார் கொடுத்தான். மூன்றாவது கடிதம் வந்தது. மாற்றல் உத்தரவும் பின்னாலேயே வந்தது. அவர் போகவில்லை, வேலையை விட்டார். இப்போது கணவரின் அச்சகத்திலேயே தாள் மடிக்கிறார் என்று சொல்கிறார்கள். மகள் பள்ளி முடித்துவிட்டாளாம். போகும் நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்யவில்லை. நாட்காட்டித் தாள்கள் அப்படியே இருந்தன. வேறு யாரும் கேட்காததால் நான் எடுத்துக்கொண்டேன். மருந்து மூடியும், அதற்குள் தோடும் இருந்தன. தோட்டைக் காகிதத்தில் மடித்து அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டதாகக்கூடத் தகவல் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், தெற்கேயிருந்து ஒரு லாரிக்காரர் அழைத்தார். மோதிவிட்டது, பொட்டலில் கிடக்கிறோம் என்றார். இப்போது எங்களுக்கு நூற்றிருபது விநாடி. மற்றபடி பட்டியல் அதேதான். கடைசியாக எங்கே டீ குடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பஞ்சர் கடை விலக்கு என்றார். தாளில் அந்த எண் இருந்தது. அழைத்தேன். லாரி கிடக்கும் இடத்தைக் கடைக்காரர் சொன்னார், ஆளையும் அனுப்பினார். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு நன்றி சொல்ல மறுபடி அழைத்தேன்.

ஆம்புலன்ஸ் ஆபீசில் முன்பு ஒரு அக்கா இருப்பாரே, நல்லாயிருக்கிறாரா என்று விசாரித்தார். வேலையை விட்டுவிட்டார் என்றேன். கடைசியாகப் பேசியது அந்தப் பாம்பு கடித்த அன்றைக்குத்தான் என்றார் அவர். மூன்றரை மணி சுமாருக்கு அழைத்து, ஆம்புலன்ஸ் எதுவும் அந்தப் பக்கம் நிற்கிறதா என்று கேட்டாராம்.

"இங்கதான்க்கா நிக்குது, பஞ்சர் ஒட்டிப் பன்னண்டரைக்கே குடுத்துட்டேன், டிரைவர் உள்ள படுத்துத் தூங்கறாரு, எழுப்பட்டுமான்னு கேட்டேன். பன்னண்டரைக்கேவான்னு இன்னொரு தடவ கேட்டாங்க. அப்பறம், வேணாம், தூங்கட்டும்னு சொல்லி வச்சுட்டாங்க."